கயிறு பாய்

குழாய் ரிப்பேருக்கு வந்த மனிதர் பையிலிருந்து முதலில் எடுத்தது ஸ்பேனர் இல்லை, கயிறு. நீல நிற நைலான் கயிறு, இருபது முழம் இருக்கும். ஒரு முனையை லுங்கிக்கு மேல் இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு மறுமுனையை என்னிடம் நீட்டினார்.

"புடிச்சிக்கோ தங்கச்சி. ஒரு இழுப்பு இழுத்தா கயிறு விடு. ரெண்டு இழுப்பு இழுத்தா நீ இழு."

அவர் இறங்கப்போனது கிணற்றுக்குள் இல்லை. எங்கள் சமையலறை சிங்க்குக்குக் கீழே, குப்பைக் கூடை வைக்கிற சந்தில் தலையை விட்டு ஒழுகுகிற குழாயை மாற்றப்போகிறார், அவ்வளவுதான்.

"இன்னா பாய், சிங்க்குக்குக் கீழ பாதாளமா இருக்குது?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரிக்கவும் இல்லை. "யாருக்குத் தெரியும்?" என்றார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்துப் போனது.

ஆம்பூரில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் அவர் கயிறு பாய். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், ரேஷன் கார்டில் இருந்திருக்கும், நாங்கள் யாரும் கேட்டதில்லை. அறுபது வயதுக்கு ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. தலையில் எப்போதும் வெள்ளைத் தொப்பி. செய்வது சாக்கடை வேலை, ஆனால் நகக்கண்ணில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. பிற்காலத்தில் பேரணாம்பட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கேயே இறந்தும் போனார் என்று ஷேர் ஆட்டோவில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய் இறங்கினேன்.

கயிற்றைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். அவருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எந்த ஓட்டையையும், எந்த மூடியையும் மூடுவதற்கு முன்னால் அதனுள்ளே குனிந்து, பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்கிற குரலில் கேட்பார்: "எல்லாரும் மேல வந்தாச்சா?"

கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருப்பார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம். அப்புறம்தான் மூடுவார்.

எதிர்வீட்டு டீச்சர் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ அவரைக் கூப்பிட்டார். தொட்டி காலி, உள்ளே நாலு அடி ஆழம், பட்டப்பகல், வெயில் நேராக உள்ளே விழுகிறது. கழுவி ஏறி வந்தவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் மேல வந்தாச்சா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டிருக்கிறார். டீச்சர், "யாரக் கேக்கறீங்க பாய், நீங்க ஒருத்தர்தான எறங்கனீங்க?" என்று கேட்டதற்கு, "கேட்டு வெக்கறது நல்லது டீச்சர்" என்றாராம். அன்றிலிருந்து டீச்சர் அந்தத் தொட்டி மூடியின் மேல் கால் வைப்பதில்லை, சுற்றிக்கொண்டுதான் போவார். "மனுசன் நல்லவருதான், ஆனா எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு" என்று என்னிடம் சொன்னார்.

எனக்கும் சிலிர்த்தது. எங்கள் சிங்க் குழாயின் வாயில் அவர் அதே கேள்வியைக் கேட்டபோது, பதில் வந்துவிடப்போகிறதோ என்று எனக்கு ஒரு பயம் வந்தது நிஜம். ஆனாலும் தெருவில் யாரும் வேறு ஆளைத் தேடிப் போகவில்லை. அவர் கை வைத்த குழாய் திரும்ப ஒழுகியது என்று பேச்சே கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு மூக்கு வேலை செய்யாது. முதல் தடவை வந்தபோது நான் போட்டுக் கொடுத்த டீயில் பால் கெட்டுப்போயிருந்தது. டம்ளரைக் கழுவப் போகும்போதுதான் வாடை எனக்கே தெரிந்தது. அவர் மடக் மடக்கென்று குடித்து முடித்து, "நல்லா இருந்திச்சி" என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுமுறை வந்தபோது வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு வாசனை தெரியாதும்மா. பிரியாணியும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான்" என்றார்.

"உங்க தொழிலுக்கு அது நல்லதாப் போச்சு" என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், என் வீட்டுக்காரர் இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து என்னோடு சண்டை போடுவதற்கு அந்த மனிதர்தான் காரணம். அவரும், இன்னொருவரும்.

என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் தோல் கட்டிங் பார்க்கிறவர். நானும் அதே கம்பெனியில்தான் தையல் லைனில் இருக்கிறேன். ஒரு மழை நாளில் அவர் பைக்கில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, கீழே குந்தி உட்காரவே கூடாது, வாக்கர் பிடித்துத்தான் நடக்க வேண்டும், தடுக்கி விழுந்தால் கம்பியோடு சேர்த்து எல்லாம் போய்விடும் என்று சொன்னார்கள்.

எங்கள் வீட்டுப் படுக்கை அறையை ஒட்டி ஒரு சின்ன பாத்ரூம் உண்டு. அதில் மேல்நாட்டுக் கமோடு ஏற்கெனவே இருந்தது. ஆனால் எல்லா வீட்டிலும் போல பாத்ரூம் தரை அறைத் தரையைவிட ரெண்டு அங்குலம் பள்ளம். வாக்கரோடு அந்தப் படி இறங்க முடியாது. நான்தான் புத்திசாலித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். பழைய தரைக்கு மேலேயே சிமெண்ட் போட்டு உயர்த்தி, சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டி, ரெண்டு தரையையும் ஒரே மட்டமாக்கிவிடலாம். கொத்தனார் நாலு நாளில் முடித்துவிட்டார். கமோடைக் கழற்றி, தரையை உயர்த்தி, திரும்ப அதே இடத்தில் உட்காரவைத்து, சுற்றிலும் வெள்ளை சிமெண்ட் பூசினார். கதவு இடித்தது என்று அடியில் ரெண்டு அங்குலம் அறுத்தும் கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டினேன்.

இவர் வீட்டுக்கு வந்த பத்தாவது நாளிலிருந்து தலைவலி என்றார். குமட்டுகிறது என்றார். மாத்திரை சூடு என்று மோர் கொடுத்தேன். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "பாத்ரூம்ல யார்டி இருக்கறது?" என்றார்.

"யாரும் இல்ல. ஏன்?"

"யாரோ மூச்சு உட்றாங்க."

போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. வெள்ளை டைல்ஸ், வெள்ளைக் கமோடு. "மயக்க மருந்து இன்னும் எறங்கலையா உனுக்கு?" என்று கிண்டல் செய்தேன். மறுநாளும் சொன்னார். அதற்கடுத்த நாள் அந்த மூச்சை என் காதாலேயே கேட்டேன். மெல்ல ஒரு இழுப்பு, நிறுத்தி, மெல்ல ஒரு விடுப்பு. தூங்குகிற ஆளின் மூச்சு மாதிரி. பகல் மூன்று மணிக்கு, வெளியே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போகும்போது, நான் அந்தக் கதவை விட்டு ரெண்டு அடி பின்னால் நகர்ந்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றி வெளியில் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதவைப் பார்த்தபடி படுக்க இவர் பயந்தார், தலையணையை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

நாற்றம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் ஆம்பூரில் பிறந்தவளுக்கு நாற்றம் ஒரு சேதியா? காற்று திரும்பினால் தோல் பதனிடுகிற ஷாப்பு வாடை சமையலறை வரைக்கும் வரும். அழுகின முட்டை வாடை வந்தால், "எவனோ ஷாப்புத் தண்ணிய தெறந்து உட்டுட்டான்" என்று ஜன்னலைச் சாத்துவோம். அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். நன்றாக இறுக்கிச் சாத்தினேன்.

ஃபிளஷ் தொட்டி சொட்டுகிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கயிறு பாயைக் கூப்பிட்டோம். வந்தவர் பாத்ரூம் வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே கால் வைக்காமல், உயர்த்திய தரையையும் கமோடின் அடியையும் மாறி மாறிப் பார்த்தார். பையிலிருந்து ஊதுவத்தி எடுத்துக் கொளுத்தி, இடுப்பில் கயிற்றைக் கட்டி என் கையில் முனையைக் கொடுத்து, மண்டியிட்டு, கமோடின் அடியைச் சுற்றி வத்தியை மெதுவாகக் கொண்டுபோனார். நேராகப் போய்க்கொண்டிருந்த புகை ஒரு இடத்தில் சட்டென்று வெளிப்பக்கமாக வளைந்தது. கொஞ்ச நேரம் நின்றது. திரும்ப வளைந்தது. உள்ளேயிருந்து யாரோ ஊதுகிற மாதிரி.

"மூச்சு வருது" என்றார்.

நான் ஒன்றும் சொல்லாமலே அதே வார்த்தையை அவர் சொன்னதும் கட்டிலில் இருந்த இவர் என்னைப் பார்த்தார்.

பாய் இரண்டு கையாலும் கமோடைப் பிடித்து அசைத்தார். லேசாக ஆடியது. வெள்ளை சிமெண்டில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அதைத் தட்டிப் பெயர்த்து, கையளவு கண்ணாடியை உள்ளே காட்டி என்னைக் கூப்பிட்டுக் காண்பித்தார். கமோடின் அடிவாய் போய்ச் சேர வேண்டிய குழாயின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கும், காலர் என்பார்கள். அது தரைக்கு ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம், மேலே நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் பழைய தரை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. புதுத் தரை ரெண்டு அங்குலம் மேலே வந்துவிட்டது. நடுவில் வெறும் பொந்து. கொத்தனார் களிமண்ணையும் சிமெண்டையும் அடைத்து மூடியிருந்தார். கமோடு ஆட ஆட அது விட்டுவிட்டது.

"பின்னாடி செப்டிக் டேங்குக்குக் காத்துக்குழாய் இருக்குமே?" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் நாற்றம் என்று சண்டைக்கு வந்ததால் போன வருடம்தான் இவர் அதற்கு மூடி போட்டு ஒட்டியிருந்தார். சொன்னேன்.

"அப்போ டேங்கு காத்து வேற எங்க போவும்? இந்த ரூமுக்குத்தான் வரும். உங்களுக்கு நாத்தம் தெரியலையா?"

"ஷாப்பு நாத்தம்னு இருந்துட்டோம் பாய்."

"மூக்கு இருந்தும் இப்டியா?" என்றார். திட்டுகிற குரலில் இல்லை. அதனால்தான் சுருக்கென்று பட்டது.

டீயைக் கையில் வாங்கிக்கொண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். அவரும் அவர் தம்பியும் ஒரு காலத்தில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். ஒருநாள் கழிவுத்தொட்டி அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்ததும் வாடை குடலைப் பிடுங்கியது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு இறங்கலாம் என்று பாய் தொட்டியின் வாயிலேயே நின்றிருக்கிறார்.

"பத்து நிமிசத்துல நாத்தம் சுத்தமா அடங்கிப் போச்சு. நான்தான் சொன்னேன், போய்ட்டுதுடா, எறங்குன்னு. போனது நாத்தம் இல்லம்மா. என் மூக்கு. அந்த காத்து மொதல்ல மூக்கத்தான் கொல்லும்னு அப்ப எனக்குத் தெரியாது."

தம்பி இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். கயிறு பாயின் கையில் இருந்தது.

"ரெண்டு தடவ இழுத்தான். முன்னாடியே ஒண்ணும் பேசி வெச்சிக்கல. கயிறு பத்தலன்னு கேக்கறான்னு நெனச்சேன். இன்னும் ரெண்டு முழம் உட்டேன்."

டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பாயைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கெல்லாம் சேர்த்து வந்தது.

வெள்ளிக்கிழமை ஹார்டுவேர் கடைகள் சாத்தியிருக்கும். அவருக்கும் ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. காலரை உயர்த்துகிற வளையத்தோடு நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருவதாகவும், ஏணி கொண்டுவந்து காற்றுக்குழாயையும் அறுத்துத் திறந்துவிடுவதாகவும் சொன்னார். அதுவரை தாங்க, ஈரச் சாக்கைக் கமோடின் அடியைச் சுற்றித் திணித்தார். கதவையும் ஜன்னலையும் திறந்தே வைக்க வேண்டும் என்றார். பிறகு தன் கயிற்றை அவிழ்த்துக் கட்டிலின் மேல் வைத்தார்.

"நீ உள்ள போறப்ப இத கட்டிக்கோ தம்பி. அந்த முனைய ஜன்னல்ல கட்டாதீங்க. மனுசன் கையில இருக்கணும்."

பையில் கயிறு இல்லாமல் அவர் தெருவில் நடந்து போனதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஷிப்டுக்குப் போகிற வழியில் இவருடைய கட்டிங் செக்ஷன் ஆட்கள் மூன்று பேர் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார்கள். கூடத்தில் உட்கார வைத்து டீ போடப் போனேன். அந்த நேரம் பார்த்து இவருக்கு பாத்ரூம் போக வேண்டும். கயிற்றைக் கட்டிவிட்டேன். "மாட்டக் கட்ற மாதிரி கட்றா பாருங்கடா" என்று சிநேகிதர்களிடம் சிரித்தார். மறுமுனையை என் இடது மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் வெட்கப்பட்டுக்கொண்டு கதவைச் சாத்தித் தாழ் போட்டிருக்கிறார். கயிறு கதவுக்கு அடியில் அறுத்த சந்து வழியாக என் கைக்கு வந்துகொண்டிருந்தது. வாக்கரின் கால் ஈரச் சாக்கை இழுத்துத் தள்ளியதை அவர் கவனிக்கவில்லை.

டீ பொங்கி வந்தது. அடுப்பைக் குறைத்தேன். வெல்லத்தை எடுக்கக் கையை நீட்டினேன். அப்போது மணிக்கட்டில் ஒரு இழுப்பு. நின்றேன். இன்னொரு இழுப்பு. முதலாவது போலவே, அதே அளவு, நிதானமாக.

இரண்டு.

நான் இழுத்தேன். கயிறு வரவில்லை. கனத்தது. "அண்ணா, கதவ ஒடைங்க" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர்கள் மூன்று பேரும் இரண்டே உதையில் கதவைப் பெயர்த்தார்கள். இவர் கமோடின் மேலேயே சுவரில் சாய்ந்திருந்தார். தலை தொங்கிப் போயிருந்தது, உதடு நீலம். இரண்டு கையும் மடியில் இருந்தன. கயிற்றோடு சேர்த்து வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். காற்றில் போட்டு நெஞ்சைத் தேய்த்தோம். ரொம்ப நேரம் கழித்து இருமினார். அந்த இருமலைப்போல நல்ல சத்தம் என் ஆயுசில் நான் கேட்டதில்லை. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இன்னும் அஞ்சு நிமிடம் போயிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்.

பேச்சு வந்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல வேளை இழுத்த, இல்லன்னா போய்ச் சேந்திருப்ப" என்றேன்.

"நான் எங்கடி இழுத்தேன்?" என்றார். "ஒக்காந்தேன், கண்ணக் கட்டிச்சி. அவ்ளோதான் தெரியும்."

சாய்ந்தபோது கயிறு தானாக இழுபட்டிருக்கும் என்று சிநேகிதர் ஒருவர் சொன்னார். அப்படியென்றால் ஒரு தடவை இழுபட்டிருக்கும். நான் தையல் லைனில் இருபது வருடம் தையல் எண்ணியவள். எனக்கு ஒன்றும் இரண்டும் தெரியும்.

ஒன்பது மணிக்குச் சொன்னபடி பாய் வந்தார். உடைந்து கிடந்த கதவைப் பார்த்தார். வாசலில் நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"எத்தினி இழுப்பு?"

"ரெண்டு பாய்."

"தம்பி இழுத்தானா?" என்று இவரைக் காட்டினார்.

"இல்லங்கறாரு."

பாய் என் மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு இறுகிய தடம் சிவந்து இருந்தது. அதைத் தொடாமல், மேலே கையை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு பையைத் திறந்து வேலையை ஆரம்பித்தார்.

முதலில் ஏணி போட்டுக் காற்றுக்குழாயின் மூடியை அறுத்து எறிந்தார். அப்புறம் கமோடைப் பெயர்த்து நகர்த்தி வைத்தார். அடியில் இருந்த களிமண்ணை எல்லாம் சுரண்டி எடுத்துக் குழாயின் கழுத்தில் புது வளையத்தை ஒட்டினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். டைல்ஸுக்கு ரெண்டு நூல் மேலே, கச்சிதமாக நின்றது. கயிறு அவர் இடுப்பில் இருந்தது, முனை என் கையில் இருந்தது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

கமோடைத் தூக்கி மேலே வைப்பதற்கு முன்னால் அந்தக் கருப்பு வாய்க்கு நேராகக் குனிந்தார். வழக்கமான கேள்விக்காகக் காத்திருந்தேன். இந்த முறை பதிலை நானே சொல்லிவிட வேண்டும், வந்தாச்சு பாய், எல்லாரும் வந்தாச்சு என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்கவில்லை. உருதுவில் ஏதோ சொன்னார், மெதுவாக, கோபித்துக்கொண்டு போன ஒருவரைச் சமாதானம் செய்கிற குரலில். லைனில் என் பக்கத்து மெஷின்காரி பேசிப் பேசி எனக்கு அந்த அளவுக்கு உருது புரியும்.

"கேட்டுச்சிடா. இந்த வாட்டி இழுத்துட்டாங்க."